மதுரையில் ஓமர் எண்ணுவது: 49 இரவும் பிசகாமல்

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவில் தொடங்கி, வாரங்களின் பண்டிகையான ஷாவுஓத்துக்கு முந்தின இரவு வரை யூதர்கள் 49 நாள் எண்ணுவார்கள். எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் புது வாற்கோதுமையை ஓர் ஓமர் (பழைய எபிரேய அளவு) அளந்து படைத்தார்கள். இந்த எண்ணிக்கைக்கு ஓமர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 2027இல் முதல் எண்ணிக்கை ஏப்ரல் 22 வியாழன் இரவு, கடைசி ஜூன் 9 புதன் இரவு.

நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் எண்ண வேண்டும். மதுரையில் அந்த மாதங்களில் பொழுது சாய்வது ஆறரையை ஒட்டி. கோடை மழை மேகம் மறைத்தாலும் ஏழே காலுக்கு மேல் எண்ணினால் கவலையில்லை.

எண் எது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எழுந்து நின்று, ஓமர் எண்ணக் கட்டளையிட்ட இறைவனைப் போற்றும் ஆசியைச் சொல்லி, உடனே எண்ணுங்கள்: "இன்று ஒன்பது நாள், அதாவது ஓமரில் ஒரு வாரமும் இரண்டு நாளும்." ஏழு நாளிலிருந்து வாரக் கணக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணிக்கையைத் தமிழில் சொன்னாலும் செல்லும். பொருள் புரியாத எபிரேயத்தைவிட அதுவே மேல்.

பலர் சறுக்குவது காலண்டரில்தான். யூத நாள் மாலையில் பிறக்கிறது, நாம் தாள் கிழிப்பதோ காலையில். ஆகவே ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இரண்டு எண் குறித்து வையுங்கள். ஏப்ரல் 30 தாளில் "பகல் 8, இரவு 9". அந்த 9 மறுநாள் பொழுது சாயும் வரை செல்லும். ஓய்வுநாளிலும் பண்டிகை நாளிலும் எழுதவோ தாள் கிழிக்கவோ கூடாது என்பதால், 49 நாளுக்கும் பஸ்காவுக்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். சரிபார்க்க நிலவு போதும்: எண்ணிக்கை 15ஐ ஒட்டி அமாவாசை, 30ஐ ஒட்டி பௌர்ணமி. 2027இல் முழு வாரம் நிறைகிற எண்கள் எல்லாம் புதன் இரவில் விழும்.

எண்ணுவதற்கு முன் வீட்டில் யாராவது "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டால், "நேத்து எட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். "இன்னிக்கு ஒன்பது" என்று வாய் தவறினால் அதுவே எண்ணியதாகிவிடலாம். பிறகு ஆசி சொல்ல முடியாது.

இரவு மறந்தால் மறுநாள் பகலில் ஆசியில்லாமல் எண்ணுங்கள். அன்றிரவு முதல் வழக்கம்போல் ஆசியோடு தொடரலாம். பகலும் போய்விட்டால் மிச்ச நாள் முழுக்க ஆசி கிடையாது, எண்ணிக்கை மட்டும் தொடரும். வேதத்தில் லேவியராகமம் 23ஆம் அதிகாரம் ஏழு வாரமும் "நிறைவாக" இருக்க வேண்டும் என்கிறது; 49 நாளும் சேர்ந்து ஒரே கட்டளை என்பது ஒரு கருத்து, நாளுக்கு ஒரு கட்டளை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பங்கம் வராத வழி இது. விட்டோமா இல்லையா என்று சந்தேகம் மட்டும் என்றால் தயங்காமல் ஆசியோடு எண்ணலாம்.

ஜூன் 10 மாலை எண்ணிக்கை இல்லை. ஆனாலும் நன்றாக இருட்டிய பிறகே ஷாவுஓத் தொழுகையைத் தொடங்குங்கள். அதற்கு முன் தொடங்கினால் 49ஆம் நாள் குறைபட்டுவிடும்.