புகை என்ன நிறம்?

என் அப்பா காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்த்தவர். யாராவது வந்து "பம்பு போய்விட்டது" என்றால் ஸ்பேனரைத் தொடவே மாட்டார். "பம்பு போனதா என்று நான் சொல்கிறேன். புகை என்ன நிறம், அதை நீ சொல்" என்பார். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுதலாகப் பாய்கிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது, இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. வந்தவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பம்புக் கதையைப் பிடித்துக்கொண்டால் அரை நாள் வீண்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், அச்சுக்குப் பக்கம் அமைத்துத் தரும் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணத் துணி எடுக்க வருகிறவர்கள் கை நிறையப் பைகளோடு வந்து பத்திரிகைக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். கணினியில் சிக்கல் வந்தால், முகம் தெரியாதவர்களிடம் எழுதிக் கேட்டுத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பிழைத்து வருகிறேன். இப்போது என்னிடமும் சிலர் எழுதிக் கேட்கிறார்கள். அவற்றில் பாதிக் கடிதங்களைப் படிக்கும்போது அப்பாவின் எரிச்சல் எனக்கும் வருகிறது.

"அண்ணா, தமிழ் வரவில்லை. அவசரம்." இவ்வளவுதான் கடிதம். தமிழ் வராமல் போவதில் எத்தனை வகை! கட்டம் கட்டமாக வந்தால் அந்த ஃபான்டில், அதாவது எழுத்துருவில், தமிழ் எழுத்தே இல்லை. கேள்விக்குறிகளாக வந்தால், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு அந்த மென்பொருளுக்குத் தெரியாது. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 அப்படித்தான், எங்கள் தெருவில் இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. 'தமிழ்' என்று அடித்தது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால், அது பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்தது, இந்தக் கணினியில் பாமினி இல்லை. கொம்பு பின்னால் போய் நின்று, பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று முளைத்தால் எழுத்துகளைச் சேர்க்கும் வேலை நடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எனவே திரையில் கண்டதை எழுதுங்கள். காரணத்தைப் பற்றிய உங்கள் ஊகத்தைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

மென்பொருளின் பெயர், பதிப்பு எண், விண்டோஸா லினக்ஸா, எந்த ஃபான்ட், எந்த விசைப்பலகை முறை என்பதையெல்லாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தமிழில் இது இரட்டிப்பு அவசியம். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இருந்தும் தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அறிவித்தது. 2010-இல்தான் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. இதற்கிடையில் ஒவ்வொரு ஃபான்ட் வியாபாரியும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். "தமிழ் ஃபான்ட்" என்று மட்டும் சொல்வது, "பாரிமுனையில் பஸ் ஏறினேன்" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டிய இடத்தைக் கேட்பது போல.

பிழைச் செய்தி வந்தால் அதை எழுத்து மாறாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். "ஏதோ எரர் என்று வந்தது" என்பதில் எல்லாம் இருக்கிறது, அந்த எரரைத் தவிர. டியூப் லைட் வெளிச்சம் விழுந்த திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படமெடுத்து அனுப்புகிறார்கள்; அதில் முதலில் தெரிவது அனுப்பியவரின் தலைதான். எழுத்தாக இருந்தால் பதில் சொல்பவர் அதை அப்படியே தேடிப் பார்க்கலாம்.

எதற்காகச் செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரு தம்பி பாமினி எங்கே கிடைக்கும் என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது, பழைய கோப்பில் உள்ள தமிழை வாட்ஸ்அப்பில் போடுவது. பாமினியை எத்தனை முறை நிறுவினாலும் அது நடக்காது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிதான் வேண்டும். முதல் நாளே சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

கேட்பதற்கு முன் கோப்பைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். 24 பக்கச் சிறப்பு மலர் அச்சாகாமல் நின்றால், நகல் எடுத்துக்கொண்டு முதல் 12 பக்கத்தை மட்டும் அனுப்பிப் பாருங்கள். அச்சாகிவிட்டால் குற்றவாளி மறுபாதியில். அதையும் பாதியாக்குங்கள். ஒரே பக்கம்தான் காரணம் என்றால் ஐந்து தடவைக்குள் சிக்கிவிடும். எனக்குப் பல நாள் இந்த இடத்திலேயே விடை கிடைத்து, எழுதத் தொடங்கிய கடிதத்தை அழித்திருக்கிறேன்.

"அவசரம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். முகூர்த்தம் உங்களுக்கு, பதில் எழுதுபவர் சம்பளமில்லாமல், தன் வேலைக்கு நடுவே எழுதுகிறார். ஒரே கேள்வியை நான்கு பேரிடம் கேட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒருமுறை மூன்று பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் செலவழித்து எனக்கு ஒரே விடையை அனுப்பினார்கள். அடுத்த முறை அந்த மூவரில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

பதில் எழுதுபவர் "இதைச் செய்து பார்த்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள்" என்றால், செய்து பார்த்து வந்ததைச் சொல்லுங்கள். "அதெல்லாம் பார்த்துவிட்டேன்" என்பது பதில் ஆகாது. சரியான பிறகு, எது சரிசெய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். வெறும் நன்றியை வைத்துக்கொண்டு அடுத்து வருபவர் என்ன செய்வார்?

மாதிரிக் கோப்பு அனுப்பும்போது பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நான் ஒரு கல்யாணப் பத்திரிகையை அப்படியே அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார்.

"யாரோ சிங்கப்பூரிலிருந்து பேசினார், தம்பி. பத்திரிகையில் எதையோ பதிக்கவில்லையாம். உங்களிடம் சொல்லச் சொன்னார்."

ஃபான்டைக் கோப்புக்குள் பதிக்காமல்தான் பிடிஎஃப் எடுத்திருந்தேன்.