மாமாவின் கூத்துப் பிரதிகளை மக்கின்டோஷிலிருந்து எடுத்த விதம்

மட்டக்களப்பு கல்லடியில் மாமா தட்டெழுதி வைத்த வடமோடிக் கூத்துப் (பாட்டும் ஆட்டமும் சேர்ந்த மரபு நாடகம்) பிரதிகள் எல்லாம் 800 கிலோபைட் பிளாப்பி டிஸ்க்குகளில் இருந்தன. ஆப்பிளின் பழைய மக்கின்டோஷ் கணினி அவற்றைச் சுழலும் வேகத்தை மாற்றி மாற்றி எழுதும். நான் அவற்றை மாற்ற நினைத்த பிசியின் டிரைவ் ஒரே வேகத்தில்தான் சுழலும், அதனால் அவற்றை வாசிக்காது. எந்த மென்பொருள் போட்டும் பயனில்லை.

டயல்-அப்பில், அதாவது தொலைபேசி லைன் வழியே அனுப்பிப் பார்த்தேன். மாரிமழை, லைனில் ஒரே இரைச்சல், பாதியில் அறுந்தது. சரி என்று இரண்டு கணினிகளையும் ஒரே மேசையில் வைத்து, தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் கேபிள் ஒன்றை நானே பற்றவைத்தேன். ஒரு முனையில் எட்டு முள் வட்டச் செருகி, மறுமுனையில் ஒன்பது முள். இதன் அனுப்பும் கம்பி அதன் வாங்கும் கம்பிக்குப் போகவேண்டும்.

முதல் கோப்பை வெறும் உரையாக அனுப்பினேன். தமிழ் குலைந்து வந்தது. ஓர் எழுத்துக்கு 7 பிட் என்ற அமைப்பில் விட்டிருந்தேன். குறியீட்டு எண் 127க்கு மேலிருந்த எழுத்தெல்லாம் எட்டாவது பிட்டை இழந்து வேறெழுத்தாகிவிட்டன. 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, எழுத்தின் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட் 1, பிழை வந்தால் மீண்டும் அனுப்பும் இசட்மோடம் முறை என்று மாற்றினேன். மக் கோப்பின் விவரங்களையும் சேர்த்துக் கட்டும் மக்பைனரியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோப்பின் தலையில் 128 பைட் ஒட்டிவரும்.

நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு நிறைந்த டிஸ்க்குக்கு 14 நிமிடத்துக்கு மேல். கூத்தின் முதல் விருத்தப் பாட்டு பிழையின்றித் திரையில் வந்ததும், “நிப்பாட்டாத மனே” என்று சொல்லிவிட்டு மாமா அதை ராகத்தோடு பாடத் தொடங்கினார்.