மெமோ கையில் வந்துவிட்டதா? ராஜினாமாவை மட்டும் எழுதிவிடாதீர்கள்

ஒழுங்கு நடவடிக்கை மெமோ வந்தவுடன் பலர் அன்று இரவே ஆத்திரத்தில் நாலு பக்கத்துக்குப் பதில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள், இல்லையென்றால் "போங்கள், நீங்களும் உங்கள் வேலையும்" என்று ராஜினாமாவை நீட்டிவிடுகிறார்கள். இரண்டும் நிர்வாகத்துக்குத்தான் வசதி, அதிலும் ராஜினாமா ரொம்பவே வசதி. அநியாயமாக வேலையை விட்டு எடுத்தார்கள் என்று வழக்குப் போட, முதலில் அவர்கள் உங்களை எடுத்திருக்க வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், வற்புறுத்தி எழுத வைத்தார்கள் என்று நிரூபிக்கிற பாரம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

"நீங்களாகவே போய்விட்டால் ரிலீவிங் லெட்டரில் ஒரு கறையும் இருக்காது" என்று எச்.ஆர். கதவைச் சாத்திக்கொண்டு கனிவாகச் சொன்னால், "யோசித்துச் சொல்கிறேன், இதையே மெயிலில் அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்த மெயில் வரவே வராது. அதனால் நீங்களே அன்றைக்கே அனுப்புங்கள்: "இன்று மாலை நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு அந்த விருப்பம் இல்லை." இரண்டு வரி போதும்.

சரி, மெமோவுக்கு வருவோம். அதை வாங்கிக்கொள்ள மறுக்காதீர்கள், மறுத்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று அதையும் ஒரு குற்றமாகச் சேர்ப்பார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, ஒரு நகல் கேளுங்கள். நகல் தராவிட்டால், தரவில்லை என்று ஒரு மெயில்.

அடுத்து, குற்றச்சாட்டு என்னவென்று புரிகிறதா பாருங்கள். "உங்கள் நடத்தை தொடர்ந்து திருப்திகரமாக இல்லை, மேலதிகாரிகளிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டீர்கள்" என்பது மாதிரி மொட்டையாக வரும். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சொல்லப் போனால், கேட்காத விஷயங்களையெல்லாம் நீங்களே எடுத்துக் கொடுப்பீர்கள். இப்படிக் கேளுங்கள்:

"குறிப்பிட்டுள்ள சம்பவம் எந்தத் தேதியில், எங்கே, யார் முன்னிலையில் நடந்தது, நான் சொன்னதாகக் கூறப்படும் வார்த்தைகள் என்ன, நிறுவனத்தின் எந்த விதியை மீறியதாகச் சொல்கிறீர்கள் என்று தெரிவிக்கவும். நீங்கள் சார்ந்திருக்கும் புகார், சாட்சி வாக்குமூலம், சிசிடிவி பதிவு, வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்களையும் தரவும். அவை கிடைத்த பின் முழுப் பதில் அளிக்கிறேன். அதுவரை குற்றச்சாட்டை மறுக்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகல் வரும் வரை காத்திருந்து கெடு முடிந்துபோனால், பதிலே தரவில்லை என்று முடித்துவிடுவார்கள். கூடவே அவகாசமும் எழுத்தில் கேளுங்கள். மூன்று வருடத்து மெயில்களை ஆதாரமாகக் காட்டிவிட்டு 24 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்பது நியாயமே இல்லை என்பது கேட்பவர்களுக்கும் தெரியும்.

நீங்கள் செய்தது உண்மை என்றால்? செய்த அளவுக்கு ஒப்புக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு அங்குலம் கூட வேண்டாம். "அந்த வாரம் மூன்று நாள் தாமதமாக வந்தேன், மருத்துவமனைச் சீட்டு இணைத்துள்ளேன், முதல் நாளே மேனேஜருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன்" என்பது ஒரு நல்ல பதில். தவறு நடந்திருந்தாலும் தண்டனை அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். இதே தவறுக்கு இன்னொருவருக்கு வெறும் எச்சரிக்கை கொடுத்திருந்தால், உங்களுக்கு மட்டும் ஏன் வேலை நீக்கம் என்று கேட்பது உங்கள் கையில் இருக்கும் வலுவான கேள்விகளில் ஒன்று.

ஆதாரம் சேர்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பயத்தில் பலர் அலுவலகக் கோப்புகளை மொத்தமாகச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் பழைய குற்றச்சாட்டை ஓரம்கட்டிவிட்டு "ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனார்" என்று புது மெமோ வரும், அது முதலாவதைவிடக் கனமாக இருக்கும். உங்கள் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பாராட்டுக் கடிதம், மதிப்பீட்டு அறிக்கை, உங்களுக்கு வந்த மெமோ, இவை உங்களுடையவை. வாடிக்கையாளர் விவரம் உள்ள எதையும் தொடாதீர்கள். அப்படிப்பட்ட மெயில்கள் தேவைப்பட்டால் அவற்றின் தேதியையும் தலைப்பையும் மட்டும் குறித்து வைத்து, விசாரணையில் அவற்றைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். ரகசியமாக ஆடியோ பதிவு செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்க வேண்டாம். அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் புலம்புவதையும் இதோடு நிறுத்திவிடுங்கள்.

சஸ்பெண்ட் செய்தால் அதுவே தண்டனை ஆகிவிடாது, விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பதுதான். அந்தக் காலத்துக்குச் சம்பளமோ அதில் ஒரு பகுதியோ உண்டா, எவ்வளவு நாள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி விசாரணை. அடிப்படை இரண்டுதான்: உங்கள் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு கூடாது, புகார் கொடுத்தவரே நீதிபதியாக உட்காரக் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு ஒப்பந்தம் 158, நடத்தையையோ வேலைத் திறனையோ காரணம் காட்டி ஒருவரை நீக்கும் முன், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. நீக்கத்துக்குச் சரியான காரணம் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதோடு வந்த பரிந்துரை 166, அந்த நேரத்தில் இன்னொருவரின் உதவியை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. எல்லா நாடுகளும் இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை, ஆனாலும் இதே கருத்து பல நாட்டுத் தொழிலாளர் சட்டங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் சொந்தக் கையேட்டிலேயே இருக்கலாம், அதை முதலில் புரட்டுங்கள். தாங்களே எழுதி வைத்த விதியைத் தாங்களே மீறினார்கள் என்பது நன்றாக எடுபடும் வாதம்.

தனியாகப் போகாதீர்கள். தொழிற்சங்க ஆளோ, நம்பிக்கையான சக ஊழியரோ உடன் வர அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உள்ளே உங்கள் மேல் புகார் சொன்ன மேனேஜரே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்திருந்தால், பேச ஆரம்பிக்கும் முன்பே ஆட்சேபம் தெரிவியுங்கள், முடிந்த பிறகு சொன்னால் "அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை" என்பார்கள். சாட்சிகளிடம் நீங்களும் கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள், தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

உண்மையில் பல வழக்குகளின் தலையெழுத்து மினிட்ஸில்தான், அதாவது விசாரணையில் பேசியதை எழுதி வைக்கும் பதிவில்தான், இருக்கிறது. நீங்கள் "அந்தக் கோப்பை நான் பார்த்ததில்லை" என்று சொல்லியிருப்பீர்கள், தாளில் "கோப்பைப் பார்க்கத் தவறியதை ஊழியர் ஒப்புக்கொண்டார்" என்று இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தவறு இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்திலேயே திருத்தி எழுதிக் கையெழுத்திடுங்கள். திருத்த விடவில்லை என்றால் "மறுப்புடன் கையொப்பமிடுகிறேன்" என்று குறித்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் நடந்ததை உங்கள் நினைவிலிருந்து எழுதி அன்றே மெயில் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பும் மெயிலுக்கு அந்த மதிப்பு கிடையாது.

முடிவு பாதகமாக வந்தால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு மேல்முறையீடு செய்யுங்கள். "இது அநியாயம்" என்று எழுதுவதைவிட, எந்த ஆவணம் தரவில்லை, எந்தச் சாட்சியைக் கேட்கவில்லை, தண்டனை ஏன் அதிகம் என்று தனித்தனியாக எழுதுங்கள். ஆனால் உள் மேல்முறையீடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக வெளியில் வழக்குப் போடும் கெடு நிற்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், பல இடங்களில் நிற்காது. அந்தக் கெடுவும் ரொம்பக் குறைவு: ஜெர்மனியில் 3 வாரம், ஆஸ்திரேலியாவில் 21 நாள், சிங்கப்பூரில் ஒரு மாதம், மலேசியாவில் 60 நாள். அதனால் நீக்கக் கடிதம் வந்த அன்றைக்கே உங்கள் நாட்டுத் தொழிலாளர் துறையிடமோ, சங்கத்திடமோ, தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரிடமோ கடைசித் தேதியைக் கேளுங்கள். போகும்போது மெமோ, பதில்கள், மினிட்ஸ், மெயில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரே பக்கத்தில் எந்த நாள் என்ன நடந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள்.