மெயின்ஃப்ரேமா, சர்வரா: செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய நிறுவனங்களின் மையக் கணினியான மெயின்ஃப்ரேமிலிருந்து வேலைகளைச் சர்வர்களுக்கு மாற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கும்போது, மெயின்ஃப்ரேமின் ஆண்டுச் செலவை, எம்எஸ்யூ என்ற அலகில் அளக்கப்படும் மொத்தத் திறனால் வகுத்து, "ஒரு எம்எஸ்யூவுக்கு இவ்வளவு" என்று எண்ணை எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான கணக்குகள் வழுக்குகின்றன. பத்தில் ஒரு பங்கு வேலையைச் சர்வருக்கு மாற்றினால் பில்லும் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். அப்படிக் குறையாது. ஐபிஎம்மின் மாதாந்திர லைசென்ஸ் முறையில் இசட்/ஓஎஸ் (இயக்க முறைமை), சிஐசிஎஸ் (பரிவர்த்தனை மென்பொருள்), டிபி2 (தரவுத்தளம்) போன்றவற்றுக்கான கட்டணம், எம்எஸ்யூ பயன்பாட்டின் நான்கு மணி நேர நகரும் சராசரி (ஒவ்வொரு தருணத்திலும் அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தின் சராசரி) அந்த மாதத்தில் தொட்ட உச்சத்தைக் கொண்டு போடப்படுகிறது. உங்கள் உச்சம் காலை 10 முதல் 2 மணி வரை என்றால், இரவில் மொத்தமாக ஓட்டும் பேட்ச் வேலைகளை முழுக்க வெளியே எடுத்தாலும் இந்தக் கட்டணத்தில் சல்லிக்காசு மிஞ்சாது. தவிர, விலை அடுக்கடுக்கானது. முதல் எம்எஸ்யூக்கள் விலை கூடியவை, மேலே போகப் போக மலிவு. பாதிச் சுமையை இறக்கினால் கழிவது மலிவான பாதிதான்.

ஆகவே முதலில், இந்தப் பயன்பாட்டைக் காட்டும் ஐபிஎம்மின் எஸ்சிஆர்டி அறிக்கைகளை ஓராண்டுக்கு எடுங்கள். ஒவ்வொன்றும் மாதத்தின் 2ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1ஆம் தேதி முடியும். உச்சம் எந்த நாள், எந்த மணி, எந்த எல்பார் (இயந்திரத்தின் தனிப் பகிர்வு) என்று குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஓடியவை எவை என்பதை வேலைகளின் பயன்பாட்டைக் குறித்துவைக்கும் எஸ்எம்எஃப் 72 பதிவுகளில் பாருங்கள். உச்ச நேரத்தில் ஓடும் வேலையை மாற்றினால்தான் பில் இறங்கும். 2019இல் வந்த ஐபிஎம்மின் 'டெய்லர்ட் ஃபிட்' விலை ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தக் கணக்கே வேறு: பயன்பாட்டு அடிப்படையிலான வகையில் உச்சம் அல்ல, மொத்தப் பயன்பாடே விலையைத் தீர்மானிக்கும்.

சீர்செய்யாத மெயின்ஃப்ரேமைப் புத்தம்புது சர்வருடன் ஒப்பிடுவதும் நியாயமில்லை. ஜாவா வேலையும், வெளியிலிருந்து டிபி2வுக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதியும் இசட்ஐஐபி என்ற தனிப்பயன் ப்ராசஸரில் ஓடலாம்; அங்கே ஓடுவது லைசென்ஸ் கணக்கில் சேராது. லினக்ஸை அதற்கென்றே உள்ள ஐஎஃப்எல் ப்ராசஸரில் ஓட்டினாலும் இசட்/ஓஎஸ் கட்டணம் ஏறாது.

சர்வர் பக்கத்தில் பெட்டியின் விலையை மட்டும் போடுகிறார்கள். ஆரக்கிள் தரவுத்தளத்தின் லைசென்ஸ் அட்டவணைப்படி இன்டெல் ஸியான் கோர் ஒன்றுக்கு 0.5 லைசென்ஸ் என்றால், 64 கோர் கொண்ட ஒரே இயந்திரத்துக்கு 32 ப்ராசஸர் லைசென்ஸ். ஆரக்கிளின் டேட்டா கார்ட் (Data Guard) நகல் முறையில், முதன்மை இயந்திரம் விழுந்தால் ஏற்கத் தயாராக நிற்கும் மாற்று இயந்திரத்துக்கும் தனியாக வாங்க வேண்டும். சோதனைச் சூழல், பேக்கப், பணி அட்டவணை மென்பொருள் எல்லாம் அதற்கு மேல்.

தரவு மாற்றத்துக்கு ஒதுக்கும் தொகைதான் எப்போதும் போதாமல் போவது. மெயின்ஃப்ரேம் நிரல் மொழியான கோபாலில் (COBOL), ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைக்கும் காம்ப்-3 புலத்தில் 124.05 என்ற தொகை 12 40 5சி என்று மூன்று பைட்டாக இருக்கும்; கடைசி 'சி' கூட்டல் குறி. கோப்பை எஃப்டிபியில் எழுத்து முறையில் அனுப்பினால், மெயின்ஃப்ரேமின் எழுத்துக்குறி முறையான எப்சிடிக்கிலிருந்து சர்வரின் ஆஸ்கிக்கு மாறும்போது 40 என்பது 20 ஆகும், 5சி என்பது 2ஏ ஆகும். கடைசி 'ஏ'யையும் கூட்டல் குறியாக ஏற்கும் நிரல், இதை 122.02 என்று படித்துவிடும். பிழைச் செய்தியே வராது. பைனரி முறையில் அனுப்பி, புலங்களின் அமைப்பைச் சொல்லும் காப்பிபுக்கைப் பார்த்துப் புலம் புலமாக மாற்றுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் தொகைப் புலங்களின் கூட்டுத்தொகையை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். வரிசைப்படுத்தலும் மாறும்: எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பிறகு எண்கள், ஆஸ்கியில் எண்கள் முதலில். சாவி வரிசையை நம்பி இரு கோப்புகளை இணைக்கும் பேட்ச் நிரல் இதனால் பதிவுகளைத் தவறவிடும்.

இரண்டு அமைப்பும் சேர்ந்து ஓடும் காலத்தை மாதவாரியாகப் போடுங்கள். கடைசிப் பயன்பாடு வெளியேறும்வரை அடிப்படை மென்பொருள் கட்டணம், வன்பொருள் பராமரிப்பு, இரண்டு அணிகளின் சம்பளம் மூன்றும் ஓடும். சட்டப்படி பல ஆண்டு வைத்திருக்க வேண்டிய பழைய டேப்களை, இயந்திரத்தை அணைத்த பிறகு எதில் படிப்பது என்பதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.