பழைய காரில் புரியாத உதறல்: பார்ட்ஸ் மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் பலரும் டயர் கடைக்குப் போய் "அலைன்மென்ட் பாருங்க" என்பார்கள். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அலைன்மென்ட் என்பது சக்கரம் நிற்கும் கோணம். அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். உதறல் அரிதாகவே வரும். உதறலுக்குக் கேட்க வேண்டியது பேலன்ஸிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது. அதையும் கோளாறு சக்கரத்தில்தான் என்று தெரிந்த பிறகு கேட்டால் போதும்.

மெக்கானிக்கிடம் "வண்டி ஆடுது" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வருவது அடுத்த தவறு. எந்த வேகத்தில், ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதா, பிரேக்கிலா, கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா என்ற விவரம் இல்லாவிட்டால் அவரும் ஊகத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் மட்டும் தெரிந்தால் பின்சக்கரம்.

வேகமா, ஆர்பிஎம்மா?

உதறல் வண்டியின் வேகத்தோடு வருகிறதா, ஆர்பிஎம்மோடு (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வருகிறதா என்பதை, எதையும் கழற்றுவதற்கு முன் பிரித்தறிய வேண்டும். காலியான நேர்சாலையில் உதறல் வரும் வேகத்தைப் பிடித்து, அதே வேகத்தை ஐந்தாவது கியரிலும் நான்காவதிலும் ஓட்டிப் பாருங்கள். ஆர்பிஎம் மாறியும் உதறல் மாறவில்லையென்றால் சக்கரம், டயர், ஹப் (சக்கரத்தை மாட்டும் மையப் பகுதி) பக்கம் தேடலாம். பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டு நியூட்ரலில் சில விநாடி உருள விடுங்கள். அப்போதும் தொடர்ந்தால் சந்தேகமே இல்லை. இந்தச் சோதனையில் சாவியை அணைக்கவே கூடாது. பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும், பிரேக் பூஸ்டரின் உதவியும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும்.

அதிர்வெண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதை, ஹெர்ட்ஸில் காட்டும் செல்போன் ஆப் இருந்தால் இன்னும் துல்லியம். 165/80 ஆர்14 டயர் 90 கி.மீ. வேகத்தில் விநாடிக்குச் சுமார் 13 முறை சுற்றும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு; அந்த அளவில் அதிர்வு தெரிந்தால் இன்ஜின் பக்கம். போனில் 13 ஹெர்ட்ஸ் தூக்கலாகத் தெரிந்தால் டயர், ரிம், பேலன்ஸ். அதன் மூன்று மடங்கான 39 ஹெர்ட்ஸ், அதுவும் ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது மட்டும் என்றால், டிரைவ் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உள்பக்க ஜாயின்ட். அதற்குள் மூன்று ரோலர்கள் இருப்பதால்தான் இந்த மூன்று மடங்கு. இங்கே பலர் அதே தண்டின் சக்கரப் பக்கம் இருக்கும் வெளிப்பக்க சிவி ஜாயின்டை மாற்றி ஏமாறுகிறார்கள். வெளி ஜாயின்ட் தேய்ந்தால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி நகரும்போது 'டக் டக்' சத்தம் வரும். நேர்சாலை உதறலுக்கு அது அரிதாகவே காரணம்.

மெஷின் சைபர் காட்டினாலும்

பேலன்ஸிங் மெஷின் சைபர் காட்டிவிட்டது, ஆகவே சக்கரம் நல்லது என்று முடிவு செய்வதுதான் அதிகம் பணம் விழுங்கும் தவறு. எடை சமமாக இருந்தும் வட்டம் கெட்டிருக்கலாம். பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்திருக்கும், அல்லது டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கான பெல்ட் பிரிந்து ஒரு இடம் மட்டும் மேடாகியிருக்கும். சக்கரத்தை மெஷினில் மெதுவாகச் சுழற்றி, ஸ்க்ரூடிரைவர் நுனியை டயர் அருகே அசையாமல் வைத்துப் பாருங்கள். இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் எத்தனை கிராம் எடை ஒட்டியும் பயனில்லை. 20, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி குலுங்கி, வண்டியை நிறுத்தி டயரைத் தடவும்போது மேடு தட்டினால் அது பெல்ட் பிரிந்த டயர். வெடிக்கும் ஆபத்து இருப்பதால் அதோடு நெடுஞ்சாலைக்குப் போகாமல் ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள்.

பேலன்ஸ் செய்யும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பழைய எடைகளைப் பிடுங்காமல், ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேற்றைச் சுரண்டாமல் செய்தால் அந்தக் காசு வீண். வெளியில் வாங்கிய அலாய் வீல் என்றால், நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாவிட்டால், மெஷினில் சரியாக நின்ற சக்கரம் வண்டியில் மையம் விலகி உட்காரும்.

பல வாரம் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். 15, 20 கி.மீ. ஓடினால் பெரும்பாலும் தானே சரியாகும். அதற்குமுன் எதையும் மாற்றாதீர்கள்.

பிரேக்கில் மட்டும் உதறினால்

"டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். உண்மையில் பெரும்பாலும் தடிமன்தான் சமமாக இருக்காது. 0.02 மி.மீ. வித்தியாசமே காலில் தெரியும். ஹப் முகத்தில் துரு ஏறியிருந்தால் புது டிஸ்க்கும் லேசாகச் சாய்ந்தே உட்காரும். சில ஆயிரம் கி.மீ.யில் அதே உதறல் திரும்ப வரும். வயர் பிரஷ்ஷால் ஹப்பைப் பளிச்செனத் தேய்த்த பிறகே மாட்ட வேண்டும். வீல் நட்டை ஏர் கன்னால் இறுக்கி அனுப்புவதும் இதே கோளாறைத்தான் தரும். எதிரெதிராக, இரண்டு தடவையாக, டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர உதவும் பின் இறுகிப் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஐடிலில் நடுங்கினால்

வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது நடுங்கினால், உடனே இன்ஜினைத் தாங்கும் ரப்பரான மவுண்டிங் வாங்கிவிடாதீர்கள். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் இதே நடுக்கம்தான். பிளக், காயில், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் அழுக்கேறியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். டீசலில் எந்த சிலிண்டர் என்று அறிய இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்ப்பது பழைய காலத்துப் பழக்கம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாரையும் தாண்டக்கூடிய அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மவுண்டிங்தான் என்று உறுதியானால், போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, இன்ஜினைச் சிறிது ஓடவிட்டு, அது தன் இடத்தில் உட்கார்ந்தபின் இறுக்குங்கள். முறுக்கிய நிலையில் இறுக்கினால் புது ரப்பரும் அதிர்வைப் பாடிக்குக் கடத்தும்.

ஜாக்கியில் தூக்கி ஆட்டம் பார்க்கும்போது செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுக்காதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி அசைந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இட வலமாக மட்டும் அசைந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், ரேக் எண்ட்.

அம்பாசடர், ஆம்னி, பொலேரோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் இந்தப் பட்டியலில் சேரும். அதன் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பான கிராஸை மாற்றக் கழற்றும்போது ஷாஃப்ட், அதை போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் இரண்டிலும் பெயின்ட்டால் குறி போடுங்கள். ஸ்லைடிங் யோக் (பற்களில் பொருந்தி முன்பின் நகரும் முனை) உள்ள ஷாஃப்ட் என்றால் அங்கும் ஒரு குறி. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் புதிதாக ஒரு உதறல் கிளம்பும்.