ஓர் இசைத்தொகுப்புக்கு ஒரு நூல்: கனவு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆங்கிலத்தில் 2003 முதல் ‘33⅓’ என்ற பெயரில் ஒரு நூல் வரிசை வெளிவந்துகொண்டிருக்கிறது. எல்.பி. எனப்படும் நீண்டநேர இசைத்தட்டு நிமிடத்துக்குச் சுற்றும் வேகத்தையே பெயராகக் கொண்ட அவ்வரிசையில், கையடக்கமான ஒவ்வொரு நூலும் ஓர் இசைத்தொகுப்பை மட்டுமே பேசுகிறது. அதைப் போன்ற ஒன்றைத் தமிழில், கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து தொடங்க நினைக்கும் வாசகர் வட்டத்துக்காக இவ்விளக்கம் எழுதப்படுகிறது. அச்சும் விற்பனையும் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியவை. எந்த இசையைப் பற்றி எழுதும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதைத்தான், கிடைப்பாரா என்று பாராத ஒரு கனவுப் பட்டியலாக, முதலில் தீர்மானிக்க வேண்டும்.

படி 1: எது தொகுப்பு என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்

நம்மிடம் திரைப்பாடல்களே மிகுதி என்பதால், எல்.பி.யை மட்டும் கணக்கில் கொண்டால் பட்டியல் மெலிந்துவிடும். பக்கத்துக்கு ஓரிரு பாடல்களுடன் வந்த 45 சுற்று இசைத்தட்டும், கேசட்டும், உடுக்கையடித்துப் பாடிய, கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையின் பதிவுகளும் தொகுப்புகளே. ஒரே பொருளாக வெளியிடப்பட்டுப் பலர் வீட்டில் ஒலித்திருக்க வேண்டும் என்பது போதுமான விதி. ரெக்கார்டிங் சென்டரில் நாமே பட்டியல் கொடுத்துப் பதிந்துகொண்ட கேசட் எவ்வளவு அருமையானதாயினும், அதே வரிசையில் இன்னொருவர் கேட்டிருக்க மாட்டார் என்பதால், அதை விட்டுவிடுங்கள்.

படி 2: பெயரை எழுதுமுன் கேள்வியை எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் ஒரு தாளில் பிடித்த எழுத்தாளர்களையும் மற்றொரு தாளில் பிடித்த பாடல்களையும் எழுதி, பின்பு இரண்டையும் முடிச்சுப் போடப் பார்க்கிறார்கள். அவ்வாறு உருவாகும் நூல்களில் பாராட்டுரைக்கு மேல் எதுவும் தேறாது. அந்த இசை மட்டுமே எழுப்பும் ஒரு கேள்வியை முதலில் கண்டுபிடித்து, அதற்கு விடை தேடும் தகுதி யாருக்கு உண்டு என்று அதன் பிறகே யோசிக்க வேண்டும்.

1976-இல் வந்த ‘அன்னக்கிளி’யை எடுத்துக்கொள்வோம். இளையராஜாவின் முதல் படம், பஞ்சு அருணாசலத்தின் பாடல்கள், எஸ். ஜானகியின் குரல் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. ஆனால் கிராமத்துப் பேச்சு என்று நாம் கொண்டாடும் அந்தப் பாடல்களின் மொழி உண்மையில் எந்த ஊர்ப் பேச்சு? அது ஒரு வட்டாரத்தின் வழக்கா, பல வட்டாரங்களைக் கலந்து திரைக்கென்றே உருவாக்கப்பட்ட பொதுக் கிராமமா? இந்தக் கேள்விக்கு இசை விமர்சகரைவிட, வட்டார வழக்கைச் சொல் சொல்லாக எடைபோடத் தெரிந்தவரே தேவை.

படி 3: மறைந்தவர்களையும் கனவுப் பட்டியலில் சேருங்கள்

இது வீண் விளையாட்டு அன்று. தாராபுரம் பகுதிக்காரரான ஆர். சண்முகசுந்தரம், 1942-இலேயே ‘நாகம்மாள்’ நாவலுக்குள் கொங்குப் பேச்சைக் கொண்டுவந்தவர். ‘அன்னக்கிளி’ வெளியான மறு ஆண்டு, 1977-இல், காலமானார். அவர் அந்தப் பாடல்களைப் பற்றி எழுதியிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது நமக்கு வேண்டிய திறமை எதுவென்று துலங்கிவிடுகிறது. அதே திறமையுடன் இன்று எழுதிக்கொண்டிருப்பவரைத் தேடினால் பெருமாள்முருகனிடம் போய்ச் சேர்கிறோம். அவர் சண்முகசுந்தரத்தின் எழுத்தை ஆராய்ந்தவர், கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர், கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடுவதற்குக் கீர்த்தனைகள் எழுதியதால், சொல் மெட்டுக்குள் அமரும்போது எங்கே இடிக்கும் என்பதையும் அறிந்தவர். அவர் சம்மதிப்பாரா என்பது வேறு செய்தி. கனவுப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

படி 4: இதே முறையில் இன்னும் சில இணைகளை உருவாக்குங்கள்

கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் 78 சுற்று இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை, மேடையில் விரித்துப் பாடிய குரல் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் என்ற அளவுக்குள் எவ்வாறு அடங்கியது என்பதே கேள்வி. தாராபுரத்தில் பிறந்து, நாடகம், இசைத்தட்டு, சினிமா ஆகியவற்றின் வரலாற்றை எழுதிவந்த தியடோர் பாஸ்கரனைத் தவிர வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986-இல் வந்தது; தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட வாத்திய இசை அது. பாடல் வரியே இல்லாததால், வரிகளைப் பிடித்துக்கொண்டு எழுதிப் பழகிய நம்மவர்கள் பலர் இதில் திணறுவார்கள். எனவே எழுத்தாளரல்லாத ஒருவரைப் பரிந்துரைக்கிறேன்: ஈரோட்டிலோ கோபியிலோ கல்யாணக் கச்சேரிகளில் வயலின் வாசித்து, குறிப்புத்தாள் இல்லாமல் கேசட்டை ஓட்டி ஓட்டியே பாடம் செய்த மெல்லிசைக் குழுக் கலைஞர். அவர் சொல்லச் சொல்ல, பொறுமையுள்ள ஒருவர் எழுதிக்கொள்ளட்டும்.

படி 5: கழித்துக்கட்டுங்கள்

தீவிர ரசிகர் என்பது மட்டும் தகுதியாகாது. தொகுப்பை உருவாக்கிய இசையமைப்பாளரிடமே எழுதக் கேட்பதும் வேண்டாம். பேட்டிக்கு அவர் போதும்.

படி 6: கடிதம் எழுதுங்கள்

முழு நூலைக் கேட்காமல், தொகுப்பின் ஒரு பக்கத்தைப் பற்றி 1,000 சொற்களில் ஒரு மாதிரிக் கட்டுரையைச் சன்மானத்துடன் கேளுங்கள். நீங்கள் கண்டுபிடித்த கேள்வியைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். பாடல் வரிகளுக்கான உரிமை, கவிஞர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பஞ்சு அருணாசலம் 2016-இல் மறைந்தவர் என்பதால் அவருடைய வரிகளுக்கு 2076 முடியும் வரை காப்பு உண்டு. விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டச் சட்டம் இடமளிக்கிறது. முழுப் பாடலை அச்சிட அனுமதி பெற வேண்டும். முழுப் பாடல்கள் நூலில் இடம்பெறா என்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். பாடல் வரிகளைக் கொண்டே பக்கங்களை நிரப்பிவிடலாம் என்றிருந்தவர்கள் அப்போதே விலகிக்கொள்வார்கள்.