ஒற்றை ஆள் கேனோவில் ஆட்டம் நின்றது இப்படித்தான்

நியூயார்க் மாநிலத்து அடிரொண்டாக் மலையில் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தோளில் சுமந்துதான் போக வேண்டும். அதற்காகவே 15 கிலோகூட இல்லாத, கெவ்லார் என்ற லேசான, உறுதியான செயற்கை இழையில் செய்த குறுகலான கேனோ வாங்கினேன். துடுப்பு போடும்வரை ஒழுங்காகப் போகும். நிறுத்தினால் உடனே இரண்டு பக்கமும் வெடவெடவென்று ஆடும். திரும்பிப் பார்க்கவே முடியாது.

நீளமான துடுப்பு மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. பாரம் சேர்க்கலாமென்று பாதி நிரம்பிய தண்ணீர் கேனை வைத்தேன், ஆட்டம் கூடியது. படகு சாயும் பக்கமே உள்ளேயிருக்கும் தண்ணீரும் ஓடுகிறது! காற்றிடமே இல்லாமல் நிரப்பினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவ்வளவு சுமக்க லேசான படகு எதற்கு?

கடைசியில் கைகொடுத்தது இருக்கை. அது விளிம்புச் சட்டத்திலிருந்து நான்கு போல்ட்டில் தொங்குகிறது. இடையிலிருக்கும் மரத்துண்டுகளை நீளமானவையாக மாற்றி, போல்ட்டையும் மாற்றி, 4 செ.மீ. இறக்கினேன். முன்பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்வாக. முழங்கால் இரண்டையும் அகட்டிப் படகின் அடித்தளத்தில் ஊன்றியதும் படகு அடங்கிவிட்டது, அப்பாடா!

ஒன்று முக்கியம்: மண்டியிடுகிறவர்கள் இருக்கைக்கடியில் ஷூ தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று கரையிலேயே பாருங்கள். கவிழ்ந்தால் கால் சிக்கிக்கொள்ளும்.

அப்புறம், நிறுத்தும்போது துடுப்பைத் தூக்கிப் பிடிக்காமல் அதன் அகன்ற நுனியைத் தண்ணீர்மேல் தட்டையாக வைக்கிறேன். படகு நேராகப் போக, எதிர்காற்றென்றால் பையை முன்னால் தள்ளுகிறேன், பின்காற்றென்றால் பின்னால்.